எந்த மங்கலைச் சொல்லப் போகிறீர்கள்?

கேள்வி: நான் கிராஃபிக் டிசைன் இறுதி ஆண்டு மாணவி. 'விளம்பரங்கள் நம் கண்ணிலிருந்து மறைந்து வருகின்றன' என்பது என் புராஜெக்ட்டின் கரு. ஏ1 அளவில் (சுமார் 59 x 84 செ.மீ.) மூன்று போஸ்டர்கள். மூன்றிலும் ஒரே காட்சி: தெருவில் ஒரு பெரிய விளம்பரப் பலகை, அதன் கீழே ஃபோனைப் பார்த்தபடி நடக்கும் மனிதர்கள். முதல் போஸ்டரில் பலகை முழு வண்ணத்தில் இருக்கும். இரண்டாவதில் ஒப்பாசிட்டி (படம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவு) 50 சதவீதம், மூன்றாவதில் 10 சதவீதம். அடியில், 'ஒரு நாளில் 10,000 விளம்பரங்கள். எத்தனை நினைவிருக்கிறது?' என்று ஒரு வரி. என் கைடு, 'போஸ்டரே கண்ணில் படவில்லை, கான்ட்ராஸ்டைக் கூட்டு, எழுத்தைப் பெரிதாக்கு' என்கிறார். மங்குவதுதானே கரு, அதைப் பளிச்சென்று எப்படிக் காட்டுவது? மூன்று போஸ்டரும் தேவையா? எப்படி அச்சடிப்பது நல்லது?

பதில்:

உங்கள் கைடு சொல்வதில் தவறில்லை. நீங்கள் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் இருவரும் கான்ட்ராஸ்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். சிக்கல் அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. விளம்பரம் மங்குகிறது என்கிறீர்களே, அதில் எது மங்குகிறது, யார் கண்ணுக்கு மங்குகிறது என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் விட்டுவைத்த அந்த முடிவை ஒப்பாசிட்டி ஸ்லைடர் எடுத்துவிட்டது.

வெயிலில் நிற்கும் பலகையின் சாயம் போவது ஒன்று. சாயம் போகாமல் புத்தம் புதிதாக நிற்கும் பலகையை நாம் கண்டும் காணாமல் தாண்டிப் போவது வேறொன்று. விளம்பரமே செய்தி போல, நண்பரின் சிபாரிசு போல வேஷம் கட்டிக்கொண்டு வந்து, விளம்பரம் என்றே தெரியாமல் போவது மூன்றாவது. எனக்குக் காட்டப்படுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காட்டப்படாமல், எல்லாருக்கும் பொதுவான காட்சி என்ற இடத்திலிருந்து விளம்பரம் நழுவிப் போவது இன்னொன்று. நான்குக்கும் தனித்தனிப் போஸ்டர் வேண்டும், தனித்தனி உத்தி வேண்டும். உங்கள் மூன்று தாள்களும் நான்கையும் லேசாகத் தொட்டுவிட்டு எதையும் பிடிக்காமல் நகர்கின்றன. ஜூரியில் ஒருவர் 'இது ஏன் மங்குகிறது?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'மக்கள் ஃபோனைப் பார்க்கிறார்கள்' என்பது போதாது. அந்த ஃபோனுக்குள்ளும் விளம்பரம்தான் இருக்கிறது.

முதலில் சாயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் படம் வெளிப்பார்வைக்கு அதைத்தான் காட்டுகிறது. ஒப்பாசிட்டியைக் குறைத்தால் எல்லா நிறமும் ஒரே அளவில் வெளிறும். வெயிலில் எந்தப் போஸ்டரும் அப்படி வெளிறுவதில்லை. சயான் (நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு வண்ண அச்சில் முதலில் தோற்பவை மஞ்சளும் மெஜந்தாவும். அவற்றுக்கு வழக்கமாகப் போடும் கரிம நிறமிகளைச் சூரிய ஒளி, முக்கியமாகப் புற ஊதாக் கதிர், உடைத்துவிடுகிறது. சயானில் இருப்பது தாமிரம் சேர்ந்த தாலோசயனைன் என்ற நிறமி. அது வெயிலுக்கு எளிதில் அசையாது. கறுப்பில் இருப்பது கார்பன்; அதுவும் லேசில் போகாது. அதனால்தான் மாதக்கணக்கில் வெயில் தின்ற போஸ்டர்கள் நீலம் பாய்ந்து நிற்கின்றன. சிரிக்கும் முகம் நீலம், பூங்கொத்து நீலம். சிவப்பில் 'தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்த இடத்தில் வெறும் தாள். ஓரத்தில் கறுப்பில் பொடி எழுத்தில் அடித்த 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' மட்டும் முதல் நாள் போலவே இருக்கும். ஆசை காட்டிய பகுதி போய், வக்கீல் எழுதிக் கொடுத்த பகுதி மட்டும் தங்குகிறது. இதைவிடக் கூர்மையான கிண்டலை உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது. இந்த ஒரு உண்மையை வைத்தே ஒரு நல்ல போஸ்டர் செய்யலாம்.

செய்வதென்றால் கணினியில் செய்யாதீர்கள், நிஜமாகவே வெயிலில் வையுங்கள். ஒரு பிரிண்டில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மீதிப் பாதியை வெயில் படும்படி விடுங்கள். ஜன்னல் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும், எனவே திறந்த வெளியில் வேகமாக நடக்கும். நிறத் துகள்கள் மிதக்கும் பிக்மென்ட் மையைவிட, சாயம் கரைந்திருக்கும் டை மை போட்ட இங்க்ஜெட் பிரிண்ட் சீக்கிரம் வெளிறும். நியூஸ்பிரின்ட் தாளில் அடித்தால் தாளும் சேர்ந்து பழுக்கும். அது மரக்கூழில் இருக்கும் லிக்னினின் வேலை. அச்சகத்தில் மையின் ஒளித்தாங்கு எண் என்ன என்று கேளுங்கள். புளூ வூல் என்ற அளவுகோலில் 1 என்றால் மிக வேகமாக வெளிறும், 8 என்றால் அசையாது. வழக்கமாக எல்லாரும் பெரிய எண்ணைக் கேட்பார்கள், நீங்கள் சின்ன எண்ணைக் கேட்பீர்கள், அச்சகக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. நேரமே இல்லை என்றால் கணினியில் சேனல்களை, அதாவது நான்கு மைகளின் அடுக்குகளை, தனித்தனியாகத் திறந்து மஞ்சளை அதிகம், மெஜந்தாவை அதைவிடக் கொஞ்சம் குறைவாக இறக்கி, சயானையும் கறுப்பையும் தொடாமல் விடுங்கள். நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

இரண்டாவது, பழகிப்போன கண். இணையத்தின் ஆரம்ப பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற இணைய இதழின் தளத்தில் வந்தன. அவற்றில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பேனரைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதை கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். இன்று சாதாரண பேனருக்கு 1 சதவீதம் கிடைத்தாலே விளம்பரக்காரர் விழா எடுப்பார். 1998-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பென்வே, டேவிட் லேன் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட தகவலைத் தேடச் சொன்னார்கள். அதற்கான இணைப்பைப் பெரிதாக, வண்ணமாக, மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக வைத்தபோது பலர் அதைத் தவறவிட்டார்கள். பேனர் பிளைண்ட்னெஸ், அதாவது பேனர் குருட்டுத்தனம், என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கவனியுங்கள், அந்த இணைப்பு விளம்பரமே அல்ல, அவர்கள் தேடிக்கொண்டிருந்த பொருள். விளம்பரம் போலத் தெரிந்ததுதான் அது செய்த தப்பு.

உங்கள் கைடின் ஆலோசனையில் நான் மாறுபடும் இடம் இதுதான். எழுத்தைப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டி, நடுவில் ஒரு படத்தைப் போட்டால் உங்கள் போஸ்டர் இன்னும் ஒரு விளம்பரம் போல ஆகும். நோட்டீஸ் போர்டில் அதைத் தாண்டிப் போவதற்குக் கண்ணுக்குப் பயிற்சியே தேவையில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது கண்ணுக்கும் பொருந்தும். போஸ்டர் கண்ணில் பட வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம். ஆனால் சத்தத்தைக் கூட்டுவது அதற்கு ஒரே வழி அல்ல.

சத்தத்தைக் கூட்டும் பழக்கம் ஒன்றும் புதிதும் அல்ல. விளம்பரங்கள் பெருகிவிட்டதால் மக்கள் அவற்றை அசட்டையாகப் புரட்டுகிறார்கள், அதனால் பெரிய பெரிய வாக்குறுதிகளால் கவனத்தை இழுக்க வேண்டியிருக்கிறது என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1759-லேயே எழுதிவிட்டார். அப்போது யார் கையில் ஃபோன் இருந்தது? ஆகவே 'இந்தக் காலத்தில்தான் இப்படி' என்ற தொனியை எடுத்துவிடுங்கள். ஃபோனைக் குனிந்து பார்க்கும் மனிதர்களையும் எடுத்துவிடுங்கள். நவீன வாழ்க்கையைக் குறை சொல்லும் எல்லா மாணவர் போஸ்டரிலும் அவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள், பாவம், களைத்திருப்பார்கள்.

குறைத்துக் காட்டியே கண்ணில் பட்டதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ஜெர்மன் போஸ்டர் கலைஞர் லூசியன் பெர்ன்ஹார்டு. 1906 வாக்கில் ப்ரீஸ்டர் தீப்பெட்டிக்கான போட்டிக்கு அவர் வரைந்த முதல் வரைவில் ஆஷ்ட்ரே, சுருட்டு, மேஜை விரிப்பு, நடனப் பெண்கள் எல்லாம் இருந்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியில் மிஞ்சியவை இரண்டு தீக்குச்சிகளும் பிராண்டின் பெயரும். மற்ற போஸ்டர்கள் எல்லாம் அலங்காரத்தில் மூழ்கியிருந்த காலம், அதனால் அது எடுபட்டது. இன்று அதே காலியிடத்தை விலை உயர்ந்த எல்லா பிராண்டும் பயன்படுத்துகிறது. வெள்ளைத் தாளில் நடுவில் ஒரு சின்ன எழுத்து என்பதும் இப்போது ஒரு விளம்பரப் பாணிதான். ஆக உங்கள் மூன்றாவது போஸ்டர், அந்தப் 10 சதவீத வெள்ளை, நீங்கள் நினைக்கிற வெறுமையைச் சொல்லாது. பார்ப்பவர் அதை ஏதோ வாசனைத் திரவியத்தின் விளம்பரம் என்று நினைக்கக்கூடும்.

கண் பழகுவதைச் சொல்ல நிஜமாகவே ஆசை என்றால், கண்ணே அந்த வேலையைச் செய்யட்டும். 1804-இல் இக்னாஸ் ட்ராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ஒரு புள்ளியை அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரப் பார்வையில் இருக்கும் வெளிறிய, விளிம்பு தெளிவில்லாத உருவங்கள் சில விநாடிகளில் மறைந்துவிடும். மாறாத தூண்டலுக்கு நரம்பணுக்கள் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. கண்ணை அசைத்த உடனே எல்லாம் திரும்பி வரும். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் எப்போதும் நம் பார்வைக்கு நடுவே இருந்தும் நமக்குத் தெரியாததற்கும் இதே மாதிரிக் காரணம்தான். இதை போஸ்டராகக் கற்பனை செய்யுங்கள்: நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் மங்கலான விளிம்போடு வெளிர் நிறத்தில் விளம்பர வடிவங்கள். ஒப்பாசிட்டியை நீங்கள் குறைக்க வேண்டாம், பார்வையாளரின் மூளை குறைத்துக்கொள்ளும். ஒரு சிக்கல் உண்டு. நடந்து போகிறவர் புள்ளியை வெறித்துப் பார்க்க மாட்டார், எனவே இது தெருவுக்கு ஆகாது, காட்சிக் கூடத்துக்குத்தான். தரையில் ஒரு கோடு போட்டு 60 சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். அந்தத் தூரத்தில் ஏ1 தாளின் பக்க விளிம்புகள் பார்வையின் நடுவிலிருந்து சுமார் 26 பாகை தள்ளி இருக்கும், அது தாராளம். 3 மீட்டர் தள்ளி நின்றால் 6 பாகைகூட வராது, வித்தை பலவீனமாகிவிடும். ஜூரி இதைப் பார்த்து 'அட!' என்று சொல்வார்கள். அந்த 'அட'வுக்கு அப்புறம் சொல்ல உங்களிடம் வேறு ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது கண்கட்டு வித்தையாக நின்றுவிடும்.

போகிற போக்கில் இன்னொரு குட்டி யோசனை. இணைய விளம்பரத் துறை ஒரு விளம்பரம் 'பார்க்கத்தக்கதாக இருந்தது' என்று கணக்கு எழுத ஒரு தரநிலை வைத்திருக்கிறது. அதன் பிக்சல்களில் 50 சதவீதம், தொடர்ந்து 1 விநாடி, திரையில் தெரிந்தால் போதும். மிகப் பெரிய அளவு விளம்பரம் என்றால் 30 சதவீதமே போதும். வீடியோவுக்கு 2 விநாடி. யாராவது பார்த்தார்களா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை, பார்க்க வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு ஏ1 போஸ்டரைச் சரிபாதியாக வெட்டி, மேல் பாதியை மட்டும் மாட்டி, 'கணக்கின்படி இது காட்டப்பட்டுவிட்டது' என்று கீழே எழுதினால்? எனக்கு இது பிடித்திருக்கிறது. உங்களுக்கும் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் எடுப்பது மூன்றாவது மங்கலை, வேஷம் கட்டிய விளம்பரத்தை. காரணம், அங்கே மங்குவது விளம்பரம் அல்ல, 'இது விளம்பரம்' என்று சொல்லும் முத்திரை. அந்த முத்திரையை மங்கவைத்தவர்கள் வடிவமைப்பாளர்கள், அதாவது நம் தொழில்காரர்கள். வெயிலையோ கண்ணின் நரம்பையோ குறை சொல்ல முடியாத இடம் இது.

கூகுள் தேடல் பக்கத்தின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். ஆரம்ப காலத்தில் தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் விளம்பரங்களுக்குப் பின்னால் லேசான வண்ணப் பட்டை இருந்தது. விளம்பரம் எங்கே முடிகிறது, முடிவுகள் எங்கே தொடங்குகின்றன என்று அந்தப் பட்டையின் ஓரம் காட்டிவிடும். 2013-இல் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பக்கத்தில் விளம்பரம் என்பதைக் குறிக்கும் 'ஆட்' (Ad) என்ற சொல்லோடு ஒரு சின்ன மஞ்சள் பெட்டியை வைத்தார்கள். 2016-இல் மஞ்சள் பச்சையானது. பக்கத்தில் இருந்த இணைய முகவரியும் பச்சை என்பதால் பெட்டி அதோடு ஒட்டிக்கொண்டது. 2017-இல் பெட்டிக்குள் இருந்த பச்சை நிரப்பும் போய் வெறும் கோடு மட்டும் நின்றது. 2020-இல் கோடும் போய், கறுப்பு எழுத்து மட்டும். 2022-இல் சுருக்கமான அந்தச் சொல்லுக்குப் பதிலாக 'ஸ்பான்சர்ட்' என்று முழுதாகப் போட ஆரம்பித்தார்கள், ஆகவே கதை நேர்கோட்டில் ஒரே பக்கமாகச் சரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2002-லேயே தேடுபொறிகளுக்கு இதுபற்றி எழுதியிருந்தது. 2013 ஜூனில் மறுபடி எழுதி, விளம்பரத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் முன்பைவிடக் கண்ணில் படுவது குறைந்துவருகிறது என்று சொன்னது. கடிதம் போன அதே ஆண்டில்தான் பட்டை போய்ப் பெட்டி வந்தது.

இப்போது உங்கள் மூன்று போஸ்டர்களை நினைத்துப் பாருங்கள். நீங்கள் 100, 50, 10 என்று செயற்கையாகப் போட்ட படிகளுக்குப் பதிலாக, ஆண்டு எண்ணோடு நிஜமான படிகள் இங்கே கிடைக்கின்றன. வண்ணப் பட்டை, மஞ்சள் பெட்டி, பச்சைப் பெட்டி, பச்சைக் கோடு, வெறும் எழுத்து. முத்திரையை மட்டும் தாள் முழுக்கப் பெரிதாக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக, எந்த லோகோவும் இல்லாமல், நீங்களே மறுபடி வரைந்து வையுங்கள். பக்கத்தில் ஆண்டுகள். கிண்டல் வரி வேண்டாம், கேள்விக்குறி வேண்டாம். மங்கலைப் பளிச்சென்று காட்டுவது எப்படி என்று கேட்டீர்கள். இங்கே போஸ்டர் முழுக்கத் தெளிவாக, கான்ட்ராஸ்ட் குறையாமல் இருக்கும், மங்குவது அதற்குள் இருக்கும் பொருள். உங்கள் கைடும் சமாதானமாகிவிடுவார்.

இந்த வழியை நீட்டவும் முடியும். நாளிதழில் செய்தி போலவே அதே எழுத்துரு, அதே பத்தி அகலத்தில் வரும் விளம்பரக் கட்டுரைகளின் தலையில் இருக்கும் அந்தக் குட்டிச் சொல்லை அளந்து பாருங்கள்: எத்தனை பாயின்ட், எத்தனை சதவீத சாம்பல், பக்கத்தின் எந்த மூலை. பிரபலமான ஒருவர் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படத்தின் அடியில் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் 'விளம்பரம்' என்பது எத்தனையாவதாக நிற்கிறது என்று எண்ணுங்கள். ஸ்கேலும் கான்ட்ராஸ்ட் செக்கரும் போதும். இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) கேட்கின்றன. உங்கள் மாதிரிகளில் எத்தனை அதைத் தாண்டுகின்றன என்பது உங்கள் சொந்த ஆய்வு ஆகிவிடும். ஜூரிக்கு முன்னால் அதற்குத் தனி மரியாதை உண்டு.

நான்காவது மங்கலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டப்படும் விளம்பரம் என்பது ஆழமான விஷயம், ஆனால் ஒரே மாதிரி பல பிரதிகள் அச்சடித்து எல்லாருக்கும் காட்டுவதுதான் போஸ்டரின் பிறவிக் குணம். அதை வைத்து இதைச் சொல்லப் போராட வேண்டியிருக்கும். ஓராண்டு கையில் இருந்தால் முயலலாம்.

சரி, அந்தப் 10,000. அதை எடுத்துவிடுங்கள். ஒரு மனிதர் ஒரு நாளில் பார்க்கும் விளம்பரங்கள் 4,000, 5,000, 10,000 என்று பல எண்கள் சுற்றுகின்றன, அவற்றுக்குப் பின்னால் நம்பத்தகுந்த அளவீடு எதுவும் இல்லை. ஒருவர் சட்டையில் இருக்கும் பிராண்டு முத்திரையை விளம்பரமாக எண்ணலாமா? பேனாவில் அச்சடித்த நிறுவனப் பெயரை? வரையறையை மாற்றினால் விடை நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்குக்குத் தாவும். எண் இல்லாமல் முடியாது என்றால் நீங்களே எண்ணுங்கள். ஒரு மணி நேரம் நடந்து கண்ணில் பட்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே வழியில் ஒரு நண்பரைக் காரணம் சொல்லாமல் அழைத்துப் போய் முடிவில் எத்தனை நினைவிருக்கிறது என்று கேளுங்கள். எதை விளம்பரம் என்று எண்ணினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். சின்ன எண்ணாகத்தான் வரும், ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிக்க வேண்டியதில்லை.

பலகையை விட மனமில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். பிரேசிலின் சாவ் பாலோ நகரத்தில் 2006-இல் ஒரு சட்டம் இயற்றி, 2007 தொடக்கத்திலிருந்து வெளிப்புற விளம்பரப் பலகைகளைத் தடை செய்தார்கள். ஆயிரக்கணக்கான பலகைகள் இறங்கின. பல இடங்களில் இரும்புச் சட்டங்கள் மட்டும் வெறுமனே நின்றன. டோனி டி மார்கோ என்ற புகைப்படக்காரர் அவற்றைத் தொடராகப் படம் எடுத்தார். உங்கள் வெளிறிய பலகையைவிட அந்த வெற்று இரும்புச் சட்டம் விளம்பரத்தின் இன்மையை உறுதியாகச் சொல்கிறது. ஆனால் அது சட்டம் போட்டு அகற்றிய கதை, உங்கள் கருவான மெல்ல மங்குவது அல்ல. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். கிழிந்த போஸ்டர் அடுக்குகளைப் பின்னணியாகப் போடலாமா என்ற ஆசையும் இந்தக் கட்டத்தில் வரும். பிரெஞ்சுக் கலைஞர்கள் ரேமோ ஹைன்ஸும் ஜாக் வில்லெக்லேயும் 1949-லேயே பாரிஸ் சுவர்களிலிருந்து நிஜமான கிழிசல்களை உரித்துக் கொண்டுவந்து கலையாக்கிவிட்டார்கள். ரெடிமேட் டெக்ஸ்சர் ஃபைலை இறக்கிப் போட்டு அவர்களோடு போட்டி போட வேண்டாம்.

மூன்று தேவையா என்றால், ஒரே கருத்தை மூன்று முறை சொல்ல மூன்று தேவையில்லை. உங்கள் இப்போதைய தொடரில் முதல் போஸ்டரைப் பார்த்ததுமே மூன்றாவது எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடலாம். முத்திரை போஸ்டர் ஒன்று போதும். விதிமுறை மூன்று கேட்டால், வெயில் தின்ற போஸ்டர் ஒன்று, ட்ராக்ஸ்லர் ஒன்று, முத்திரை ஒன்று என்று மூன்று மங்கல்களையும் ஒரே லேஅவுட் கட்டத்தில், ஒரே எழுத்துருவில் வையுங்கள். வெயில், கண், வடிவமைப்பாளர் என்று காரணம் மாறிக்கொண்டே வருவது அப்போது தானாகப் புரியும். வரிசையும் அதுவாகவே இருக்கட்டும்.

ஜூரிக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஜூரி அறைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள், அங்கே எந்தப் போஸ்டரும் தப்பித்துவிடும். மற்ற அறிவிப்புகளுக்கு நடுவே, நீங்கள் பக்கத்தில் நிற்காமல், ஒட்டுங்கள். தாண்டிப் போனவர்களைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, 'அங்கே என்ன பார்த்தீர்கள்?' என்று மட்டும் முதலில் கேளுங்கள். அப்புறம் ஐந்தாறு போஸ்டர் படங்களைக் காட்டி எது இருந்தது என்று கேளுங்கள். அந்த ஐந்தாறில் நிஜமாக ஒட்டாத சிலவும் கலந்திருக்கட்டும். மரியாதைக்காக 'ஆமாம், பார்த்தேன்' என்று சொல்கிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். இந்த முடிவுகளை, வேலை வளர்ந்த விதத்தைப் பதியும் பிராசஸ் புத்தகத்தில் போடுங்கள், சாதகமாக வராவிட்டாலும் போடுங்கள்.

அச்சைப் பற்றி. கறுப்பு எழுத்தையே 10 சதவீதமாக்கி வெள்ளைத் தாளில் வைத்தாலும் கான்ட்ராஸ்ட் சுமார் 1.25:1 தான் வரும், திரையிலேயே தடுமாறும். அச்சில் அந்த 10 சதவீதம் வெறும் புள்ளிக் கூட்டம். மெல்லிய எழுத்தின் ஓரங்கள் அரித்தது போல ஆகிவிடும். வெளிர் சாம்பல் வேண்டும் என்றால் கறுப்பைப் புள்ளிகளாக்கி வெளிறவைக்கும் டின்ட் போடாமல், வெளிர் சாம்பலாகவே கலந்த மையை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் முழு நிரப்பாக அடியுங்கள், விளிம்பு கத்தி போல வரும். முத்திரை போஸ்டரின் கடைசிப் படிக்கு இன்னொரு வாய்ப்பு, மேட் தாளில் நிறமே இல்லாமல் ஸ்பாட் யு.வி. வார்னிஷ், அதாவது எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் பூசும் பளபளப்புப் பூச்சு. நேரே நின்றால் தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் எழுத்து மின்னும். அது வேண்டுமென்றால் மாட்டும் இடத்தின் விளக்கு எங்கே இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தலைக்கு நேர் மேலே பரவலான டியூப் லைட் என்றால் வார்னிஷ் வீண். ட்ராக்ஸ்லர் போஸ்டரை மட்டும் பளபளப்பான தாளில் அடிக்காதீர்கள், பிரதிபலிப்பு கண்ணை அசைத்துவிடும். எல்லாவற்றுக்கும் முழு அளவில் அடிப்பதற்கு முன், அதே தாளில், அதே மையில் ஒரு கையகலத் துண்டை டெஸ்ட் பிரிண்டாகக் கேட்டு வாங்கி, மாட்டப் போகும் சுவரில் வைத்துப் பாருங்கள்.